வருகைப்பதிவும் உரையாடலும்: மருந்துக்கடை மருந்தாளுநர்களின் தொடர்கல்வி குறித்து

1. கேள்வி

மருந்துச் சீட்டோடு கடைக்கு வருபவருக்கும் மருந்தை எடுத்துக் கொடுப்பவருக்கும் இடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் மிகக் குறுகியது. ‘இது காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, இது சாப்பாட்டுக்கு முன்னாடி’ என்பதோடு கவர் கைமாறுகிறது. மருந்தைப் பற்றி முறையாகப் படித்த ஒருவரிடம் பேசுவதற்கு நோயாளிக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அதுதான். வீட்டுக்குப் போன பிறகு எந்த மாத்திரையை எப்போது விழுங்குவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்கிறார். வளர்ந்த நாடுகளில்கூட நாட்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை கணித்தது. அந்த மறு பாதியில் ஒரு பகுதியையாவது மீட்கக்கூடிய இடம் மருந்துக்கடை என்ற நம்பிக்கையில்தான் மருந்தாளுநர்களுக்கு நோயாளி ஆலோசனையில் தொடர்கல்வி வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது.

அந்தக் கோரிக்கையின் நியாயத்தை இக்கட்டுரை கேள்விக்கு உட்படுத்தவில்லை. இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், இப்போதுள்ள வடிவத்தில் தொடர்கல்வி அந்தக் குறுகிய உரையாடலை மாற்றும் ஆற்றல் கொண்டதா என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி. சட்டம், பாடத்திட்டம், தொடர்கல்வி பற்றிய ஆய்வுகள், கடையின் நடைமுறை ஆகிய நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கிடைக்கும் விடை இதுதான்: ஆலோசனையை அறிவாகக் கருதிக் கற்பிக்கிறோம், வருகையாகக் கருதி அளக்கிறோம். அதுவோ பார்வையாளர் முன் திரும்பத் திரும்பச் செய்து, பிழை சுட்டப்பட்டுப் பழக வேண்டிய திறன்.

2. சட்டம் என்ன கேட்கிறது?

1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டமும் 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டமும் மருந்தை யார் கையாளலாம் என்பதைத்தான் பெரிதும் வரையறுத்தன. பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் சீட்டு மருந்து கொடுக்கக் கூடாது என்பது அவற்றின் மையம். கொடுக்கும்போது என்ன பேச வேண்டும் என்பதை விரிவாகச் சொன்னது, இந்திய மருந்தியல் மன்றம் 2015இல் கொண்டுவந்த மருந்தியல் தொழில்நடைமுறை ஒழுங்குவிதிகள்தான்.

இவ்விதிகளின்படி, சீட்டைப் பெற்று நோயாளியின் பதிவேட்டைப் பரிசீலித்த பின் மருந்தாளுநரே முன்வந்து நோயாளியிடமோ அவரைப் பராமரிப்பவரிடமோ பேச்சைத் தொடங்க வேண்டும். மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், எதற்காக, சிறப்பு எச்சரிக்கைகள், பக்கவிளைவுகள், தன்னைத்தானே கண்காணிக்கும் முறை, பாதுகாத்து வைக்கும் விதம், மீண்டும் வாங்குவது, ஒரு வேளை தவறினால் செய்ய வேண்டியது என்று ஆலோசனையின் கூறுகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அமெரிக்காவில் 1990இல் நிறைவேறி, 1993 முதல் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டு நோயாளிகள் விஷயத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் பட்டியலோடு இது மிக நெருங்கி ஒத்துப்போகிறது. அங்கே நோயாளிக்கு மருந்தகத்தில் ஒரு பதிவேடு இருக்கும் என்பதை முன்வைத்து எழுதப்பட்ட வாசகம் அது. நம் ஊர்க் கடைகள் பலவற்றில் பில் இருக்கும்; நோயாளிக்கென்று பதிவேடு இருக்காது.

தொடர்கல்வி பற்றியும் அதே விதிகள் பேசுகின்றன. ஐந்தாண்டுக் காலத்தில் குறைந்தது ஒரு நாள் கொண்ட புத்தாக்கப் பயிற்சிகள் இரண்டிலாவது மருந்தாளுநர் கலந்துகொள்ள வேண்டும். இங்கேதான் ஒரு முரண் தென்படுகிறது. ஆலோசனையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கூறுகூறாக எண்ணிய அதே சட்டம், பயிற்சி என்று வரும்போது நாள்களை மட்டும் எண்ணுகிறது. பயிற்சி முடிந்தபின் மருந்தாளுநரால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பது அளவுகோலாகவில்லை.

3. பாடத்திட்டம் விட்டுச்சென்ற இடைவெளி

இன்று கவுண்டரில் நிற்கும் மூத்த மருந்தாளுநர்களில் பெரும்பாலோர் 1991ஆம் ஆண்டின் கல்வி ஒழுங்குவிதிகளின்கீழ் டிப்ளமா படித்தவர்கள். அதில் ‘சுகாதாரக் கல்வியும் சமூக மருந்தியலும்’ என்று ஒரு தாள் உண்டு. பெயரைப் பார்த்தால் ஆலோசனைக்கு அடித்தளம் அங்கே இடப்பட்டது போலத் தோன்றும். ஆனால் அதன் உள்ளடக்கம் சத்துணவு, குடிநீர், கழிவகற்றல், தொற்றுநோய்கள், முதலுதவி ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தது. 500 மணி நேர நடைமுறைப் பயிற்சியில் பாதி, சீட்டைப் பார்த்து மருந்து வழங்குவதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வழங்கும்போது பேசுவதை யாரேனும் பார்த்துத் திருத்துவார்களா என்பது பயிற்சி கிடைத்த இடத்தையும் அங்கிருந்த மூத்தவரையும் பொறுத்தது.

2008இல் தொடங்கிய ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பு மருத்துவமனை வார்டில் நோயாளியோடு பேசுவதை மையப் பாடமாக்கியது. ஆனால் மருந்துக்கடைகள் பெரிதும் டிப்ளமாக்காரர்களையும் பி.ஃபார்ம். பட்டதாரிகளையும் நம்பித்தான் இயங்குகின்றன. 2020ஆம் ஆண்டின் கல்வி ஒழுங்குவிதிகள் டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டில் ‘சமூக மருந்தியலும் மேலாண்மையும்’ என்ற பாடத்தைச் சேர்த்து, ஆலோசனையை நடித்துப் பழகும் செய்முறை வகுப்பையும் புகுத்தின. இது நல்ல மாற்றம். இதன் பலன் இனி வருபவர்களுக்குக் கிடைக்கும். முப்பது ஆண்டுகளாகக் கடை நடத்துபவருக்குத் தொடர்கல்வி ஒன்றுதான் வழி. ஆகவே தொடர்கல்வி எந்த வடிவில் இருக்கிறது என்பது ஒரு தலைமுறை மருந்தாளுநர்களின் பேச்சைத் தீர்மானிக்கும் விஷயமாகிறது.

4. கூட்டங்கள் எதை மாற்றுகின்றன?

மருத்துவத் துறையில் தொடர்கல்விக் கூட்டங்களின் பலன் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. டேவிட் டேவிஸும் சகாக்களும் 1999இல் வெளியிட்ட மதிப்பாய்வு, மேடையில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் வகைக் கூட்டங்கள் மட்டும் மருத்துவர்களின் நடைமுறையை மாற்றியதற்குச் சான்று இல்லை என்றும், பங்கேற்பாளரைச் செய்ய வைக்கும் அமர்வுகள் மாற்றம் தரக்கூடும் என்றும் முடிவுகட்டியது. 2009இல் ஃபோர்செட்லுண்ட் குழுவினர் 81 சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு இன்னும் நுணுக்கமானது. கூட்டங்களால் விரும்பிய நடைமுறை கூடிய அளவு, இடைநிலையாக, ஏறத்தாழ 6 சதவீதப் புள்ளிகள். விரிவுரையும் செய்முறையும் கலந்த அமர்வுகள் மேலானவை என்றும், சிக்கலான நடத்தைகளை மாற்ற கூட்டங்கள் அவ்வளவாக உதவுவதில்லை என்றும் அது கண்டது.

இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை வளம் மிக்க நாடுகளின் மருத்துவர்களைப் பற்றியவை. அப்படியே நம் மருந்துக்கடைக்குப் பெயர்த்துவிட முடியாது என்ற எச்சரிக்கை தேவை. இருந்தாலும் ஒரு முடிவைத் தவிர்க்க இயலாது. புதிய மருந்தின் அளவை அறிந்துகொள்வது எளிய மாற்றம். முன்பின் தெரியாத ஒருவரிடம், வரிசை நிற்கையில், அவர் மனம் நோகாமல், அவருக்கு என்ன புரிந்தது என்று கண்டுபிடிப்பது சிக்கலான நடத்தை. கூட்டங்கள் எங்கே மிகக் குறைவாகப் பயன்படும் என்று ஆய்வு சொல்கிறதோ, அங்கேதான் நாம் கூட்டங்களை நம்பியிருக்கிறோம்.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் முன்வைத்த நான்கு படிகள் இங்கே உதவும். ஒருவருக்குத் தெரியும், எப்படிச் செய்வது என்று தெரியும், செய்து காட்டுவார், அன்றாட வேலையில் செய்கிறார். அரங்க விரிவுரை முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகிறது. ஆலோசனை என்பது மூன்றிலும் நான்கிலும் மட்டுமே வெளிப்படும்.

5. அறியாமையா, கேளாமையா?

எதிர்வாதம் ஒன்று உண்டு: அடிப்படை அறிவே போதாத இடத்தில் பேச்சுத் திறனைப் பற்றிக் கவலைப்படுவது அவசரம் அல்லவா? இதற்கு விடை தேட 2016இல் லான்செட் தொற்றுநோய் இதழில் சத்தியநாராயணாவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் டெல்லி, மும்பை, பாட்னா நகரங்களின் 622 மருந்தகங்களுக்குச் சென்றார்கள். ஒரு வகையினர் வாரக்கணக்கில் இருமலும் காய்ச்சலும் என்று மட்டும் சொன்னார்கள். இன்னொரு வகையினர் காசநோயை உறுதிசெய்யும் சளிப் பரிசோதனை முடிவைக் காட்டினார்கள். ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு எதுவும் கொடுக்காமல் மருத்துவரிடம் அனுப்புவதே சரியான கையாளுதல் என்று கொள்ளப்பட்டது. முதல் வகையில் அப்படி நடந்தது 13 சதவீதம். இரண்டாம் வகையில் 62 சதவீதம். காசநோய்க்கான முதல்நிலை மருந்துகளை யாருமே கொடுக்கவில்லை.

இந்த எண்களைப் பொறுப்பின்மையின் சான்றாக மட்டும் வாசிப்பது எளிது. வேறொரு வாசிப்புக்கும் அவை இடம் தருகின்றன. காசநோய் என்று தெரிந்ததும் பெரும்பாலான கடைகள் ஏறக்குறையச் சரியாகவே நடந்துகொண்டன; அதாவது காசநோயாளியை என்ன செய்ய வேண்டும் என்ற அறிவு அங்கே ஓரளவு இருந்தது. அந்த அறிவைத் தொடும் கேள்விகள்தான் குறைந்தன. ‘எடை குறைஞ்சிருக்கா? வீட்டில வேற யாருக்காவது இருக்கா?’ என்று கேட்டிருந்தால் முதல் வகையினரும் இரண்டாம் வகையினரின் பக்கத்துக்கு வந்திருக்கக்கூடும். லாப நோக்கும் இதில் பங்கு வகித்திருக்கலாம்; அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பாடக்குறிப்புகளைக் கூட்டுவதால் இந்த இடைவெளி மூடாது என்பது தெளிவு.

அறிவை அப்படியே கொட்டுவதும் தீர்வாகாது. மருத்துவத் தகவலை நோயாளிகள் எவ்வளவு நினைவில் வைக்கிறார்கள் என்பது குறித்து ராய் கெசல்ஸ் 2003இல் எழுதிய மதிப்பாய்வு, சொன்னதில் 40 முதல் 80 சதவீதம் உடனே மறந்துபோகிறது என்கிறது. சொல்லும் தகவல் கூடக் கூட மறதியும் கூடுகிறது. சட்டம் எண்ணிய கூறுகள் அனைத்தையும் ஒவ்வொரு மருந்துக்கும் ஒப்பிக்கும் மருந்தாளுநர் விதியை நிறைவேற்றியவர் ஆவார். நோயாளிக்கு உதவியவர் ஆக மாட்டார். ஆகவே ஆலோசனைத் திறனின் உயிர், எதைச் சொல்வது என்ற தேர்வில் இருக்கிறது. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாங்குபவரிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி, இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் என்பதுதான். தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. எலும்பு வலுவுக்கான அலெண்ட்ரோனேட் என்றால் வெறும் வயிற்றில், நிறையத் தண்ணீரோடு, அரை மணி நேரம் படுக்காமல். உறிஞ்சும் கருவியில் போட வேண்டிய கேப்ஸ்யூல் என்றால் அதை விழுங்கக் கூடாது. குழந்தைக்கான பொடி சிரப் என்றால் கொதித்தாறிய நீரைக் குறி வரை ஊற்றிக் குலுக்குவது. ஒவ்வொன்றிலும் தவறினால் அதிகம் கெடுவது எது என்று கணித்து, அதை முதலில் சொல்வதே தேர்ச்சி. இத்தேர்வைப் படவில்லைகள் கற்பிப்பதில்லை. ஒருவர் செய்து காட்ட, இன்னொருவர் பார்த்துக் கருத்துச் சொல்லும்போது அது படிகிறது.

6. வாங்க வருபவர் நோயாளி அல்லர்

ஆலோசனைக்கான மேலைநாட்டு மாதிரிகளில் பெரிதும் பேசப்படுவது, அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கான அரசு மருத்துவச் சேவையின் மருந்தாளுநர்கள் உருவாக்கிய மூன்று திறந்த கேள்விகள்: மருத்துவர் இது எதற்கென்று சொன்னார், எப்படி எடுக்கச் சொன்னார், எடுத்தால் என்ன எதிர்பார்க்கலாம் என்றார். நோயாளிக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கித் தெரியாததை மட்டும் நிரப்புவதால் நேரம் மிச்சமாகிறது. இது நல்ல வழி. ஆனால் நம் கடைகளுக்கு அப்படியே பொருந்துவதற்கு இரண்டு தடைகள் உள்ளன.

முதலாவது, கடைக்கு வருபவர் பல வேளைகளில் நோயாளியே அல்லர். அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கு மகனும், மாமனாரின் இதய மாத்திரைக்கு மருமகளும், பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்காகக் கல்லூரி மாணவனும் வருகிறார்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டால் ‘தெரியலீங்க, சீட்டக் குடுத்தாங்க’ என்பதே பதில். சட்டம் பராமரிப்பவரையும் குறிப்பிடுகிறது. ஆனால் செய்தியை ஒருவர் மூலம் இன்னொருவருக்குக் கடத்துவது தனியொரு திறன் என்பதைப் பயிற்சிகள் கணக்கில் கொள்வது அரிது. ‘புரிஞ்சுதாங்களா?’ என்ற கேள்விக்கு மரியாதை கருதியே ‘புரிஞ்சுதுங்க’ என்ற விடை வந்துவிடும். அதற்குப் பதிலாக, ‘வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட இத எப்படிச் சொல்லுவீங்க?’ என்று கேட்டால் தூதாக வந்தவர் தன் வாயால் திருப்பிச் சொல்வார். பிழை அங்கேயே தெரிந்துவிடும். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைக்கும் உத்தி உலகறிந்தது. அதை நம் குடும்ப அமைப்புக்கேற்ற வாக்கியமாக்குவதைத்தான் பயிற்சி செய்ய வேண்டும். மருந்துக் கவரின் மேல் மருந்தாளுநர் எழுதும் குறிப்பும் இங்கே வெறும் வழக்கம் அல்ல. கடைக்கு வராத நோயாளியிடம் போய்ச் சேரும் ஆலோசனை அது ஒன்றுதான். எழுத்தறியாதவருக்கு எப்படிக் குறியிடுவது என்பதையும் கற்பிக்கலாம்.

இரண்டாவது, இடம். தெருவைப் பார்த்த கவுண்டரில், தோளோடு தோள் உரசி நிற்கும் நாலு பேர் நடுவே, ‘இது எதுக்குன்னு டாக்டர் சொன்னார்?’ என்பது சங்கடமான கேள்வி. மனநோய், காசநோய், கருத்தடை தொடர்பான மருந்துகளில் அது ஆலோசனையாக இராது, அம்பலப்படுத்தலாகிவிடும். குரலைத் தாழ்த்துவது, கவுண்டரின் ஓரத்துக்கு அழைப்பது, தொலைபேசியில் பேசலாமா என்று கேட்பது ஆகியவை கற்றுக்கொள்ளக்கூடியவை. தொலைபேசி வழி ஆலோசனையை 2015 விதிகளே அனுமதிக்கின்றன.

7. பின்லாந்தும் இங்கிலாந்தும்

சட்டம் மட்டும் பேச்சை மாற்றாது என்பதற்குப் பின்லாந்து தெளிவான எடுத்துக்காட்டு. அங்கே மருந்தகங்கள் நோயாளிக்கு ஆலோசனை தர வேண்டும் என்பது 1980களிலேயே சட்டக் கடமையானது. அப்படியிருந்தும் 2000 முதல் 2003 வரை நான்காண்டு தேசியத் திட்டமொன்றை அரசும் தொழில் அமைப்புகளும் கூட்டாக நடத்த வேண்டியிருந்தது. அறிவுரைப் பேச்சை இருவழி உரையாடலாக மாற்றுவதும், மருந்தகங்கள் தம் பேச்சைத் தாமே மதிப்பிட்டுத் திருத்திக்கொள்வதும், கடை உரிமையாளரையும் அந்தப் பொறுப்பில் சேர்ப்பதும் அதன் அணுகுமுறை. கடமை பிறந்து ஏறத்தாழ இருபதாண்டுக்குப் பிறகுதான் பயிற்சி முறை அதற்கு ஈடுகொடுக்கத் தொடங்கியது.

இங்கிலாந்தில் 2011 அக்டோபரில் தொடங்கிய ‘புதிய மருந்துச் சேவை’ வேறொரு பாடம் தருகிறது. நாட்பட்ட நோய்க்குப் புதிதாக மருந்து தொடங்கியவரிடம் ஓரிரு வாரத்திலும், பின்னர் மீண்டும் ஒரு முறையும் மருந்தாளுநர் கட்டமைத்த கேள்விகளோடு பேசுவார். அதற்கு அரசு கட்டணம் தரும். 504 நோயாளிகளை வைத்து ரேச்சல் எலியட் குழுவினர் நடத்தி 2016இல் வெளியிட்ட சோதனையில், பத்து வாரம் கழித்து மருந்தைச் சரியாக எடுத்தவர்கள் வழக்கமான முறையில் சுமார் 61 சதவீதம், இச்சேவை பெற்றவர்களில் சுமார் 71 சதவீதம்.

ஆனால் மருந்தாளுநரின் தலையீடு எப்போதும் நன்மையே தரும் என்று முடிவுகட்ட முடியாது. அதே இங்கிலாந்தில் எண்பது வயதைக் கடந்தவர்களை மருந்தாளுநர்கள் வீடுதேடிச் சென்று மருந்துகளைப் பரிசீலித்த சோதனை ஒன்றில், 2005இல் வெளியான முடிவுகளின்படி, மருத்துவமனைச் சேர்க்கை குறையவில்லை. ஏறத்தாழ 30 சதவீதம் கூடியது. நோயாளிகள் எச்சரிக்கையடைந்து முன்கூட்டியே உதவி நாடினார்களா, அல்லது குழப்பமடைந்தார்களா என்பது விவாதத்துக்குரியது. குறுகிய இலக்கும், தெளிவான கேள்விகளும், மறுபேச்சும் கொண்ட தலையீடு பயன் தந்தது. விரிந்த தலையீடு எதிர்பாராத விளைவைத் தந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில், ‘ஆலோசனையைப் பெருக்குவோம்’ என்பது போதுமான குறிக்கோள் அல்ல என்றே படுகிறது.

8. கடைக்காரரின் மறுப்பு

மருந்துக்கடை நடத்துபவர்களின் மறுப்பு மூன்று வகை. பேசுவதற்குக் கூலி இல்லை என்பது முதலாவது. விலைக்கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்குச் சில்லறை வியாபாரியின் லாப விளிம்பை 2013ஆம் ஆண்டின் ஆணை 16 சதவீதம் என்று கணக்கிடுகிறது. ஆலோசனைக்கென்று தனியே எதுவும் இல்லை. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. இங்கிலாந்தின் வெற்றியிலிருந்து கட்டணத்தைக் கழித்துவிட்டுப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையாகாது.

நேரம் இல்லை என்பது இரண்டாவது. இது ஓரளவே சரி. தேர்ந்த ஒரு செய்தியைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைப்பதற்கு அரை நிமிடம் போதும். எல்லோருக்கும் எல்லாம் சொல்ல வேண்டும் என்று பயிற்சி எதிர்பார்த்தால்தான் நேரம் போதாமல் போகிறது.

மூன்றாவதுதான் கடினமானது: கவுண்டரில் பேசுபவர் பல கடைகளில் மருந்தாளுநரே அல்லர். சுவரில் சான்றிதழ் தொங்கும். மருந்து எடுத்துக் கொடுப்பவர் அனுபவத்தால் பழகிய உதவியாளராக இருப்பார். இது விதிமீறல், கண்காணிப்பால் தீர்க்க வேண்டியது. ஆனால் மருந்தாளுநர் உள்ளேயே இருக்கும் கடைகளிலும் முதல் பேச்சு உதவியாளரோடுதான் நடக்கிறது. பதிவு பெற்றவருக்கு மட்டும் பயிற்சி தந்தால், எந்த வாடிக்கையாளரை அவரிடம் அனுப்ப வேண்டும் என்பது உதவியாளருக்குத் தெரியாமலே போகும்.

9. எப்படிப்பட்ட தொடர்கல்வி?

மேற்கண்டவற்றிலிருந்து சில முன்மொழிவுகள் பிறக்கின்றன. ஒன்று, புத்தாக்கப் பயிற்சியின் ஒரு நாளில் குறைந்தது பாதியை நடித்துப் பழகுவதற்கு ஒதுக்க வேண்டும். சிறு குழுக்களில் ஒருவர் மருந்தாளுநராகவும் ஒருவர் மகனுக்காகவோ மாமியாருக்காகவோ வந்தவராகவும் பேச, மூன்றாமவர் குறித்துக்கொண்டு கருத்துச் சொல்லலாம். பேச்சு தமிழில் நடக்க வேண்டும். மருந்தியலை ஆங்கிலத்தில் படித்தவர் பக்கவிளைவை அச்சமூட்டாமல் அவ்வட்டாரத் தமிழில் சொல்வதுதான் அவர் அன்றாடம் எதிர்கொள்ளும் சோதனை.

இரண்டு, ஒரு நாளில் கற்றது கடையில் நிலைக்கிறதா என்று பார்க்க, நோயாளியாக நடிப்பவர்களை முன் அனுமதியோடு அனுப்பி, பேச்சு முடிந்த உடனே தனியாகக் கருத்துச் சொல்லும் முறை தேவை. ஆஸ்திரேலிய மருந்தகங்களின் தரத்திட்டத்தில் இது நெடுநாள் இடம்பெற்றிருந்தது. அதைச் செய்பவர் மருந்து ஆய்வாளராக இருக்கக் கூடாது. தண்டனைக் கண்ணோடு பார்க்கப்படும் பேச்சு ஒப்பித்தலாகச் சுருங்கிவிடும். ஃபார்ம்.டி. மாணவர்களை இதற்குப் பழக்கலாம். அவர்களுக்கும் கடையின் நடைமுறை தெரியவரும்.

மூன்று, உதவியாளர்களுக்கும் ஓர் அரை நாள். எந்த மருந்து, எந்த வயது, எந்த அறிகுறி வந்தால் மருந்தாளுநரைக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும் அதன் பாடம்.

நான்கு, 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு திறந்த 1,000 முதல்வர் மருந்தகங்களைக் களமாகக் கொள்ளலாம். வணிகப் பெயரில் பழகிய மாத்திரைக்குப் பதில் ஜெனரிக் மாத்திரையை வாங்குபவர், நிறமும் பெயரும் மாறியதால் பழையதையும் புதியதையும் சேர்த்தே விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. ‘ஏற்கெனவே வீட்டில என்ன மாத்திரை இருக்கு?’ என்ற ஒரே கேள்வியை அங்கெல்லாம் பழக்கமாக்கி, அதன் பலனை அளந்தால், நம் மண்ணில் விளைந்த சான்று கிடைக்கும்.

10. முடிவு

ஆலோசனைக்குக் கட்டணம், கவுண்டரில் மறைவிடம், நோயாளிப் பதிவேடு ஆகியவை அரசின் கொள்கை முடிவுகள். அவை வரும்வரை பயிற்சியால் ஓரளவே சாதிக்க முடியும். அதைக் காரணம் காட்டிப் பயிற்சியை இன்றைய நிலையில் விட்டுவிடவும் முடியாது. பயிற்சிக்குக் குறைந்தது ஒரு நாள் என்று விதிகள் விதிக்கின்றன. அந்த நாளைப் பயன்படுத்தும் விதம் நடத்துபவர்களின் கையில் உள்ளது. மருந்தியல் மன்றங்களும் கல்லூரிகளும் வருகைச் சான்றிதழோடு ஒரு சிறு செய்முறைத் தேர்வையும் சேர்த்தால் போதும்: ஐந்து நிமிடம், ஒரு சீட்டு, வேறொருவருக்காக மருந்து வாங்க வந்த ஒரு ‘வாடிக்கையாளர்’. மருந்தாளுநர் எத்தனை விவரங்களைச் சொன்னார் என்பதை அத்தேர்வு அளக்கக் கூடாது. அந்த வாடிக்கையாளர் எதைச் சரியாகத் திருப்பிச் சொன்னார் என்பதற்கே மதிப்பெண் தர வேண்டும்.